36 பேரும் கிட்டத்தட்ட ஒரே மார்க், பேட்ச் பிரிக்க முடியல. அவசர உதவி

மாலைவகுப்பு:
வேலைக்குப் போற பெரியவங்களுக்கு சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு. மொத்தம் 36 பேர். மூணு பேட்ச்சா பிரிக்க டெஸ்ட் வெச்சேன். ரீடிங் 30, ரைட்டிங் 10. ரீடிங்ல முக்காவாசிப் பேர் 24-க்கு மேல, ரைட்டிங்ல எல்லாரும் 6 இல்ல 7. ஆனா ஒருத்தர் பஸ் போர்டையே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார், இன்னொருத்தர் ஆபீஸ் மெயில் எழுதறார். ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்! சனிக்கிழமை திரும்ப வைக்கணும். கேள்வியைக் கஷ்டமாக்கினா போதுமா?

கரும்பலகை:
தாளைப் பாக்காம எப்படிங்க சொல்றது? என்ன பத்தி, எத்தனை வரி, கேள்வி எத்தனை, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை விடை கொடுத்தீங்க, எழுத என்ன கேட்டீங்க, யார் திருத்தினது? இதெல்லாம் முதல்ல சொல்லுங்க.

மூணேபோதும்:
நாலு விடை கொடுத்திருந்தா மூணாக்குங்க. நாலாவது பெரும்பாலும் இடத்தை நிரப்ப எழுதினதாத்தான் இருக்கும், யாரும் அதைத் தொட மாட்டாங்க. 80 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல ராட்ரிகெஸ்ங்கிற ஆய்வாளர் சொன்னதும் மூணே போதும்னுதான். மிச்சமாகிற நேரத்துல இன்னும் நாலஞ்சு கேள்வி சேர்க்கலாம்.

சொல்வேட்டை:
கேள்வியே வேண்டாம் சார், க்ளோஸ் டெஸ்ட், அதாவது விட்டுப்போன சொல்லை நிரப்பற டெஸ்ட் வைங்க. சுமார் 230 சொல்லுள்ள பத்தி எடுத்து, முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுட்டு, அப்புறம் ஏழாவது சொல் ஒவ்வொண்ணையும் எடுத்துடுங்க. 30 கோடிட்ட இடம் கிடைக்கும். பொருந்தற சொல் எதுவா இருந்தாலும் மார்க். அரை மணி நேரத்துல தாள் ரெடி.

கரும்பலகை:
@சொல்வேட்டை 1953-ல டெய்லர்ங்கிற ஆய்வாளர் க்ளோஸைக் கொண்டுவந்தது ஒரு பத்தி எவ்வளவு கடினம்னு அளக்கத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் முப்பதுலயும் பூஜ்யம் வாங்குவார். அவருக்கு எது தெரியும்னு அதுல தெரியவே தெரியாது.

பழைய_ஆசிரியர்:
தேர்வு எதற்கு என்று முடிவு செய்யாமல் கேள்வி எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். ஐரோப்பிய கவுன்சில் 2001-லேயே மொழித்திறனில் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (உச்ச நிலை) வரை ஆறு நிலைகளுக்கும் ‘இந்த நிலையில் இருப்பவரால் இதைச் செய்ய முடியும்’ என்று எழுதி வைத்திருக்கிறது. 2020-ல் ஏ1-க்கும் கீழே ஒரு படி சேர்த்தார்கள். வகுப்பு நடத்துகிறவர் இதையாவது படித்துவிட்டு வந்து கேட்டிருக்கலாம். முதலில் மூன்று பேட்ச்சுக்கும் மூன்று வாக்கியம் எழுதுங்கள். கேள்வி பிறகு.

மாலைவகுப்பு:
சாரி சார். அப்துல் கலாம் பத்தி ஒரே பத்தி, 15 வரி. 15 கேள்வி, ஒண்ணுக்கு 2 மார்க், நாலு விடை. ரைட்டிங்: காய்ச்சல்னு லீவ் லெட்டர். நான் மட்டும்தான் திருத்தினேன்.

கரும்பலகை:
கோளாறு இங்கதான் இருக்கு. கலாம் எங்க பிறந்தார், எந்த வருஷம் ஜனாதிபதி ஆனார்னு கேட்டிருப்பீங்க. ராமேஸ்வரம், 2002. பத்தியை மூடி வெச்சாக்கூட நம்ம ஊர்ல சொல்லிடுவாங்க. லீவ் லெட்டரும் அதே கதைதான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினது, தூக்கத்துல எழுப்பினாலும் எழுதுவாங்க. ரெண்டுமே ஞாபகத்தைத்தான் அளந்திருக்கு. கேள்வியைக் கஷ்டமாக்கினா இது மாறாது.

சனிக்கிழமைக்கு: ஒரே பத்தி வேண்டாம், ஆறு சின்ன உரை, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கேள்வி. முதல் ரெண்டு அறிவிப்புப் பலகை, அப்புறம் பஸ் நேர அட்டவணை, சூப்பர்வைசர் அனுப்பற வாட்ஸ்அப் செய்தி, 120 சொல்லுல ஒரு கடிதம், கடைசியா 200 சொல்லுல செய்தி. எளிசுல ஆரம்பிச்சு கடினத்துக்குப் போகணும். பலவீனமானவர் எங்க நிக்கிறார்னு அப்பத்தான் தெரியும்.

ஒரு கேள்வி காட்டறேன். துணிக்கடைப் பலகை: ‘வாங்கின 7 நாளுக்குள் பில்லோடு வந்தால் மாற்றித் தருவோம். நேரம் மாலை 4 முதல் 6.’ கேள்வி: 3-ம் தேதி வாங்கின சட்டையை 12-ம் தேதி மாத்த முடியுமா? அ) பில் இருந்தா முடியும் ஆ) முடியாது, நாள் தாண்டிடுச்சு இ) மாலை 5 மணிக்குப் போனா முடியும். தப்பான ரெண்டு விடையும் பலகையில இருக்கற சொல்லையே வெச்சு எழுதினது. அங்கங்க ஒரு சொல்லை மட்டும் பிடிக்கிறவர் அ-வுக்கோ இ-க்கோ போயிடுவார், முழுசாப் படிச்சவர்தான் ஆ-வுக்கு வருவார்.

எழுதி முடிச்சதும் உரை இல்லாம கேள்வியை மட்டும் நாலு பேருக்குக் கொடுங்க. மூணு விடைன்னா குருட்டாம்போக்குல 30-க்கு 10 வரும். நாலு பேருமே சரியாச் சொல்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுடுங்க.

தறிக்காரன்:
எழுதற பகுதிக்கு மூணு படி: படிவம் நிரப்பறது, 25 சொல்லுல ஒரு செய்தி, 100 சொல்லுல மெயில். மெயில்ல சொல்ல வேண்டிய மூணு விஷயத்தை நீங்களே கொடுத்துடுங்க: நாளைக்கு ஷிஃப்டுக்கு ஏன் வர முடியாது, யார் பதிலுக்கு நிப்பார், என்னிக்கு ஈடுகட்டுவீங்க. மனப்பாடக் கடிதம் இதுக்குள்ள அடங்காது. விஷயம், ஒழுங்கு, சொல்வளம், பிழை, நாலுக்கும் 0 முதல் 5. தாள்ல பேரை மறைச்சுட்டு ரெண்டு பேர் தனித்தனியா திருத்தணும். ரீடிங் மார்க் கண்ணுல படவே கூடாது. கேள்விக்கான குறிப்பைத் தமிழ்லயே கொடுங்க.

பழைய_ஆசிரியர்:
ஆங்கிலத் தேர்வில் தமிழ்க் குறிப்பா? ‘டிக்’ செய் என்பது புரியாதவர் கடைசி பேட்ச் என்பது அதிலேயே தெரிந்துவிடுமே.

தறிக்காரன்:
ஐயா, குறிப்பு புரியாம தவறவிட்டா அந்த அஞ்சு கேள்வியும் ஒரேயடியா போயிடும். அவருக்கு பலகை படிக்கத் தெரியுமா தெரியாதான்னு நமக்குத் தெரியாமலே போயிடும். குறிப்பு புரியுதான்னு பாக்கணும்னா அதைத் தனிக் கேள்வியா வைங்க, மார்க்கும் தனியா கொடுங்க.

பழைய_ஆசிரியர்:
அப்படியே பழக்கினால் அலுவலகத்தில் யார் தமிழில் குறிப்பு கொடுப்பார்கள்?

மூணேபோதும்:
அது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம். இது பேட்ச் பிரிக்கிற டெஸ்ட், ரெண்டும் வேற. நடுவுல ஒரு வழி இருக்கு: ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாடி விடை குறிச்ச மாதிரிக் கேள்வி ஒண்ணு போட்டுடுங்க. எந்த மொழியும் தேவைப்படாது.

கரும்பலகை:
@மாலைவகுப்பு திருத்தினதும் விட்டுடாதீங்க. மொத்த மார்க்ல மேல 10 பேர், கீழ 10 பேர் தாளைத் தனியா எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரின்னு எண்ணுங்க. மேல 9, கீழ 3-ன்னா வித்தியாசம் 6, பத்தால வகுத்தா 0.6. நல்ல கேள்வி. மேல 10, கீழ 9-ன்னா 0.1, ஆளைப் பிரிக்காது. கீழ அதிகமா வந்தா விடைக்குறிப்பையே சரிபாருங்க, பெரும்பாலும் தப்பு அங்கதான் இருக்கும்.

மாலைவகுப்பு:
வெச்சாச்சு. ரீடிங் 8-லேர்ந்து 28 வரைக்கும் பரவியிருக்கு. குறிப்பு தமிழ்லயே கொடுத்தேன், மாதிரியும் போட்டேன். 13-ம் கேள்வில கீழ 7, மேல 4. விடைக்குறிப்புல நான்தான் ‘இ’-க்குப் பதிலா ‘ஆ’ போட்டிருக்கேன். மாத்திட்டு மறுபடி கூட்டறேன்.