மருத்துவர்கள் சமூக ஊடகத்தில் எழுதுவது வேலையின் பகுதியா, வீண் வேலையா?

நாடித்துடிப்பு:
மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சமூக ஊடகத்தில் எழுதுவது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி என்பது என் கட்சி. நோயாளி மருந்துச் சீட்டை வாங்கிய கையோடு மருந்தின் பெயரைப் போனில் தேடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் எழுதி வைக்காத இடத்தில், எதையாவது விற்க வந்தவர் எழுதியதுதான் கண்ணில் படும். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998 'லான்செட்' மருத்துவ இதழ்க் கட்டுரையில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். இதழ் அதை முழுவதும் திரும்பப் பெற்றது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் மறுப்புகள் இதழ்களில் வந்துகொண்டுதான் இருந்தன. பெற்றோர் இதழ்களைப் படிப்பதில்லையே.

அளவுகோல்:
ஆதங்கம் புரிகிறது. ஆனால் அளந்து பார்த்தால்? 'சர்க்குலேஷன்' இதழ் 243 கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை மட்டும் தன் கணக்குகளில் பகிர்ந்தது. முப்பது நாளில் பக்கப் பார்வைகளின் இடைநிலை பகிர்ந்தவற்றுக்கு 409, பகிராதவற்றுக்கு 392. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொரு சோதனையில் 11 ஆய்வாளர்கள் தங்கள் சொந்தக் கணக்குகளில் பகிர்ந்தார்கள். 2024-இல் 'பிளாஸ் ஒன்' இதழ் வெளியிட்ட முடிவு: பதிவிறக்கம் உடனே கூடியது, மூன்றாண்டு கழித்தும் மேற்கோள் எண்ணிக்கையில், அதாவது மற்ற ஆய்வுக் கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய எண்ணிக்கையில், தெளிவான உயர்வு இல்லை. வார்டு வேலை முடித்து வருகிறவரின் நேரத்தை எதை நம்பிக் கேட்கிறீர்கள்?

நாடித்துடிப்பு:
மறுபக்கமும் சோதனை உண்டு. மார்பறுவைத் துறையில் 112 கட்டுரைகளைச் சரிபாதியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஓராண்டில் மேற்கோள் உயர்வு ட்வீட் செய்தவற்றுக்குச் சராசரி 3.1, மற்றவற்றுக்கு 0.7. பகிர்ந்தவர்கள் துறைக்குள் ஏற்கெனவே பெரிய வலையமைப்பு உள்ளவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் மேற்கோளை வைத்து இதை அளப்பதே பிழை. 2020 மே 22 அன்று 'லான்செட்'டில் 96,032 நோயாளிகளின் தரவு என்று சொல்லி கோவிட்டுக்குக் கொடுத்துவந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து ஆபத்தானது என்று ஒரு கட்டுரை வந்தது. அதை வைத்து உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவையே நிறுத்தி வைத்தது. ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவான கோவிட் இறப்புகளைவிட அதிக இறப்புகள் அந்தத் தரவில் இருப்பதை வெளி ஆய்வாளர்கள் கண்டுபிடித்துப் பொதுவெளியில் கேட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் திறந்த மடலில் கையெழுத்திட்டார்கள். ஜூன் 4-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்றே நாள்! முதல் உதாரணத்தில் பன்னிரண்டு ஆண்டு.

திரைமறைவு:
இருவரும் நோயாளியை மறந்துவிட்டீர்கள். 'பெயரை அழித்துவிட்டேன்' என்று போடப்படும் படங்கள்தான் எனக்குப் பயம். கண்மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர் குழுவின் விதிகளே சொல்கின்றன. போனில் எடுத்த படத்துக்குள் நேரமும் இடமும் பதிந்திருக்கும். அல்ட்ராசவுண்ட் படத்தின் மூலையில் பெயரும் தேதியும் படத்தோடு படமாகப் பதிந்திருக்கும். கோப்போடு மறைவாக வரும் விவரத் தரவை அழித்தாலும் அது போகாது. போனின் மார்க்கர் பேனாவால் பெயரைத் தீட்டினால், வெளிச்சத்தைக் கூட்டியதும் எழுத்து தெரிந்துவிடும். பவர்பாயின்டில் வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கிறது. தலையின் சிடி ஸ்கேன் முழு அடுக்குகளையும் பகிர்ந்தால் முகத்தையே முப்பரிமாணத்தில் மீட்கலாம். இவை எதுவும் இல்லாமல், 'நேற்றிரவு வந்த 34 வயதுப் பெண், அரிய கட்டி' என்ற ஒரு வரி போதும், அவர் குடும்பத்தார் கண்டுபிடிக்க.

நாடித்துடிப்பு:
முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எழுத்துப்பூர்வ ஒப்புதலைச் சிகிச்சைப் படிவத்தோடு சேர்க்காமல் தனியாக வாங்க வேண்டும். 'சமூக ஊடகம்' என்ற சொல் அதில் இருக்க வேண்டும். பிறகு மனம் மாறினால் மூலப் பதிவை நீக்க முடியும், மற்றவர் சேமித்த பிரதிகளை நீக்க முடியாது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாடம் சொல்ல அந்தப் படம்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்வது அதைவிட நல்லது. கோட்டோவியம் பெரும்பாலும் போதும்.

அளவுகோல்:
சரி, எண்களுக்கு வருவோம். கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2020 ஜூன் 16-இல் செய்தியறிக்கையாகத்தான் முதலில் வந்தது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தோருக்கு இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆக்சிஜன் மட்டும் பெற்றோருக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலனே இல்லை. பகிர்வில் முதலில் உதிர்வது கடைசி வாக்கியம்தான். உதிர்ந்ததும் லேசான காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு தேடி மருந்துக்கடைக்குப் போவார்கள். 'ஆபத்து பாதியானது' என்பதும் இதே கதை: ஆயிரத்தில் இருவர் ஒருவராகக் குறைந்தாலும் பாதிதான்.

நாடித்துடிப்பு:
அதனால்தான் விவரம் தெரிந்தவர் எழுத வேண்டும் என்கிறேன். நிபந்தனையைத் தொடரின் நான்காவது பதிவில் வைக்கக் கூடாது, எண் இருக்கும் அதே வாக்கியத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பதிவும் தனித்தனியாகப் பிய்ந்து போகும். படம் போட்டால் 'ஆக்சிஜன் பெறுவோருக்கு மட்டும்' என்பது படத்துக்குள்ளேயே இருக்கட்டும். சதவீதத்தோடு 'ஆயிரத்தில் எத்தனை பேர்' என்பதும் வரட்டும். பொய்யை மறுக்கும்போது சரியான செய்தியை முதலில் சொல்லி, பொய்யை ஒரே முறை குறிப்பிட்டு, அது எங்கே தடுமாறுகிறது என்று விளக்கி, மீண்டும் சரியானதில் முடிக்கலாம். பொய்ப் பதிவை மேற்கோள் பகிர்வு செய்தால் அதற்கு நாமே ஆள் சேர்த்ததாகும். குறுக்குக் கோடிட்ட ஸ்க்ரீன்ஷாட் போதும். நம் பதிவிலேயே தவறு நேர்ந்தால் சத்தமில்லாமல் அழிக்காமல், அதன் கீழேயே திருத்தம் எழுத வேண்டும்.

திரைமறைவு:
இன்பாக்ஸில் 'என் ரிப்போர்ட்டைப் பாருங்கள் டாக்டர்' என்று வருமே? ஒருவருக்கு மருந்தளவு சொன்ன நொடியில் அவர் உங்கள் நோயாளி என்று வாதிட இடம் வந்துவிடுகிறது. பரிசோதனையும் இல்லை, கேஸ் ஷீட்டும் இல்லை.

நாடித்துடிப்பு:
தனிப்பட்ட ஆலோசனை கிடையாது என்று கணக்கு விவரத்திலேயே எழுதிவிட வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தற்கொலை எண்ணம் ஆகிய மூன்றுக்கும் உடனே அவசர உதவியை நாடச் சொல்லும் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மற்றவருக்குப் பொதுவான விளக்கப் பதிவின் இணைப்பு. மருந்து நிறுவனத்திடம் பேச்சுக்குப் பணம் பெற்றிருந்தால், அந்த மருந்தைப் பற்றிய பதிவிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அளவுகோல்:
இப்படி எழுதினால் எனக்கு மறுப்பில்லை. 'வேலையின் பகுதி' என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. தடுப்பூசி பற்றி எழுதியவர்களுக்குக் கொலை மிரட்டல் வரை போயிருக்கிறது. மருத்துவமனை இதை வேலை என்று எண்ணினால் அதற்கான மணிநேரத்தை டூட்டி பட்டியலில் போடட்டும்; மிரட்டல் வந்தால் சட்டப் பிரிவில் யார் பார்ப்பார் என்று எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை, எழுத மாட்டேன் என்கிற மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாடித்துடிப்பு:
அந்தத் தாளைக் கேட்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன். வெறுமனே காத்திருக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.