கான்ட்ராக்ட் வேலை போச்சு, இஎஸ்ஐ-ல பணம் கிடைக்குமா?

ஒரகடம் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனில கான்ட்ராக்ட்ல இருந்தேன், 14,000 சம்பளம், போன மாசம் ஒருநாள் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது ஆர்டர் இல்ல நாளைல இருந்து வராதீங்கனு 40 பேர்கிட்ட சொல்லிட்டாங்க. முதல் கான்ட்ராக்டர்கிட்ட 1 வருஷம் 4 மாசம், அவர் மாறி அடுத்தவர்கிட்ட 10 மாசம், நடுவுல கேப் இல்ல, ரெண்டு பேருமே இஎஸ்ஐ பிடிச்சாங்க. வேலை போனா இஎஸ்ஐ-ல பணம் தருவாங்கனு ரூம்ல ஒரு அண்ணன் சொல்றாரு, உண்மையா? இன்னொண்ணு, ராஜினாமா லெட்டர் எழுதி கொடுத்தா தான் கடைசி மாச சம்பளம் செட்டில் பண்ணுவேன்றாங்க. வாடகை கட்டணும், தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் வேற நிக்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செங்கல்பட்டு குமரன்:
தம்பி எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல உதவித்தொகை தராங்களே, டிகிரினா மாசம் 600, பிளஸ் டூனா 400, அதுக்கு போட்டு பாரு.

அம்பத்தூர் அக்கா:
குமரன் சார், அது பதிவு பண்ணி 5 வருஷம் வேலையே கிடைக்காம இருக்கவங்களுக்கு, இந்த தம்பிக்கு பொருந்தாது.

தம்பி முதல்ல அந்த லெட்டர்ல கையெழுத்து போடாத. நீயா விட்டுட்டு போனேன்னு எழுதி கொடுத்துட்டு அப்புறம் வேலை போச்சுனு போய் நின்னா யார் நம்புவா? வேலை செஞ்ச நாளுக்கு சம்பளம் உன் உரிமை, அதுக்கு லெட்டர் கேக்கறதே தப்பு, லேபர் ஆபீஸ்ல மனு கொடு.

நீ கேக்கற ஸ்கீம் பேரு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, 2018 ஜூலைல வந்தது. நான் 2021ல வாங்கியிருக்கேன். குறைஞ்சது 2 வருஷம் இஎஸ்ஐ-ல இருந்திருக்கணும், வேலை போறதுக்கு முன்னாடி இருந்த அரை வருஷத்துல 78 நாள் சம்பளத்துக்கு இஎஸ்ஐ பணம் கட்டியிருக்கணும், அதுக்கு முந்தின மூணு அரை வருஷத்துல ஏதாவது ஒண்ணுலயும் 78 நாள். அரை வருஷம்னா ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச். மாசம் 26 நாள்னு வச்சா மூணே மாசம், உனக்கு தாராளமா வரும். தப்பு பண்ணி நீக்கினவங்க, ரிட்டயர் ஆனவங்க, விஆர்எஸ்னு விருப்ப ஓய்வு வாங்கினவங்களுக்கு கிடையாது.

முதல்ல சராசரி சம்பளத்துல 25 சதவீதம் தான் இருந்தது, கொரோனா நேரத்துல 50 ஆக்கினாங்க, வேலை போன பிறகு 90 நாள் காத்திருக்கணும்னு இருந்ததையும் 30 நாளா குறைச்சாங்க. தற்காலிகம்னு சொல்லி நீட்டிச்சுட்டே வந்தாங்க, அதனால ஆபீஸ்ல இப்ப என்ன ரேட்னு ஒரு தடவை கேட்டுக்கோ. கணக்கு எப்படின்னா, 2 வருஷ சம்பளம் மொத்தத்தையும் 730-ஆல வகுப்பாங்க, உனக்கு நாளுக்கு 460 வரும், பாதி 230, அதிகபட்சம் 90 நாளுக்கு தான் தருவாங்க, அப்ப 20,700. வாழ்நாள்ல ஒரே தடவை தான், நடுவுல வேலை கிடைச்சா அது வரைக்கும் தான். எனக்கு அந்த பணத்துல தான் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன், அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

இந்த பணம் கேட்டு கொடுக்கற ஏபி-1 ஃபார்ம், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் எடுத்துட்டு இஎஸ்ஐ கிளை ஆபீஸுக்கு போ, டிஸ்பென்சரிக்கு போகாத. கம்பெனி கையெழுத்துக்கு அலைய வேண்டாம்.

யூனியன் தோழர்:
அக்கா சொன்னது சரி. ரெண்டு விஷயம் சேர்த்துக்கறேன். கம்பெனிய நிரந்தரமா மூடினாலோ சட்டப்படி ஆள்குறைப்பு பண்ணினாலோ ராஜீவ்காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனானு 2005ல இருந்து இருக்கு, முதல் 12 மாசம் 50 சதவீதம், அடுத்த 12 மாசம் 25 சதவீதம், அது பெரிய தொகை. உங்களுக்கு கம்பெனி ஓடிட்டு தான் இருக்கு, ஆனா 40 பேர ஒரே நாள்ல எடுத்தது ஆள்குறைப்புல வருமான்னு கேட்டு பாருங்க, தனித்தனியா போகாம 40 பேரும் சேர்ந்து போங்க. அடுத்தது, கான்ட்ராக்டர் மாறும்போது சில பேர் பழைய இஎஸ்ஐ நம்பர கேக்காம புது நம்பர் போட்டுடுவாங்க, அப்ப 2 வருஷம் ரெண்டு துண்டா நிக்கும். உங்களுக்கு ஒரே நம்பரானு உடனே பாருங்க.

ஒரகடம் பையன்:
அக்கா, தோழர், ரொம்ப நன்றி. இப்ப தான் ரெண்டு கார்டையும் எடுத்து பாத்தேன், நம்பர் வேற வேறயா தான் இருக்கு. என்கூட இருந்த ஆறு பேர்கிட்ட கேட்டேன், அவங்களுக்கும் அதே கதை. லெட்டர்ல கையெழுத்து போடல. திங்கக்கிழமை ரெண்டு கார்டு, எல்லா சம்பள ஸ்லிப்பும் எடுத்துட்டு ரெண்டு நம்பரையும் ஒண்ணா சேர்க்க சொல்லி எழுதி கொடுக்க ஏழு பேரும் போறோம், என்ன சொன்னாங்கனு இங்கயே வந்து போடறேன்.