சீன மொழியை அயல்மொழியாகக் கற்பிக்கையில் எழுத்தை எப்போது தொடங்குவது?

கேள்வி

வணக்கம். வயது வந்த தமிழ் மாணவர்களுக்கு மாண்டரின் சீனம் கற்பிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. நான் பின்பற்றும் பாடநூல் முதல் பாடத்திலேயே பின்யின் (சீன ஒலிகளை ரோமன் எழுத்துகளில் எழுதும் முறை), எழுத்து, இலக்கணம் மூன்றையும் ஒன்றாகத் தருகிறது. ஆறாவது வாரத்தில் மாணவர்கள் முப்பது எழுத்துகளையேனும் அழகாக எழுதிக் காட்டுகிறார்கள். ஆனால் அவற்றை வாசிக்கச் சொன்னால் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கம், ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாக வருகிறது, எளிய கேள்வி ஒன்றை இயல்பான வேகத்தில் கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது. அடுத்த தொகுதிக்கு முதல் ஆறு வாரங்கள் எழுத்தே இல்லாமல், செவிப்பயிற்சியும் பேச்சும் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். பலர் சீனமொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. தேர்வை மனத்தில் கொண்டே சேர்கிறார்கள் என்பதால், எழுத்தைத் தள்ளிப்போடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

தாராளமாகத் தள்ளிப்போடுங்கள். சீனாவில் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு ஏற்கெனவே பேசத் தெரியும். தன் காதில் பதிந்துவிட்ட சொல்லுக்கு உருவம் எது என்பதை மட்டுமே அது அங்கே கற்கிறது. நம் மாணவருக்கோ ஒலி, பொருள், உருவம் மூன்றும் ஒரே நாளில் புதியவையாக வந்து சேர்கின்றன. அப்போது கண் முந்திக்கொள்கிறது, காது பின்தங்கிவிடுகிறது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என் வகுப்பில் பெரிய மாற்றத்தைத் தந்தது அதுதான்: பின்யினை ஆங்கிலத்தின் வழியாக அறிமுகப்படுத்தாதீர்கள். 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட இந்த முறையில் ரோமன் எழுத்துகள் இருப்பதால், மாணவர் அவற்றுக்குப் பழகிய ஆங்கில ஒலிப்பையே கொடுத்துவிடுகிறார். ரோமன் அகரவரிசையின் இரண்டாம் எழுத்தைப் பின்யினில் கண்டதும் 'பஸ்' என்பதன் முதல் ஒலியை எழுப்புகிறார். அங்கே வரவேண்டியது 'பல்' என்னும் நம் சொல்லின் முதல் ஒலி. 'தலை', 'கல்' ஆகியவற்றின் முதல் ஒலிகளுக்கும் இதே கதைதான். சீனத்தில் இந்த ஒலிகளையும் இவற்றின் இணைகளையும் பிரிப்பது மூச்சு. தொண்டையின் அதிர்வுக்கு அதில் வேலை இல்லை. ஆக, ஒவ்வோர் இணையிலும் ஒரு பாதி தமிழ் மாணவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, மூச்சு வெடித்து வரும் மறுபாதியை மட்டும் பழக்கினால் போதும். வாய்க்கு முன்னே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓர் ஒலிக்குத் தாள் அசையும், மற்றதற்கு அசையாது. 'மனிதன்' என்பதற்கான 'ரென்' என்ற சொல்லில் வரும் முதல் ஒலியும் நம் ரகரத்தைவிட ழகரத்துக்கே நெருங்கியது. நாவை ழகரத்துக்கு வளைத்தபடி தொடங்கச் சொன்னால், ஆங்கில விளக்கம் எதுவும் தராத பலன் சில நிமிடங்களில் கிடைத்துவிடும்.

மறுமொழி 2

ஒலிகளைப் பற்றி மேலே சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். எழுத்தே இல்லாமல் ஆறு வாரங்கள் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அத்தனை நாள் பின்யினை மட்டும் பார்த்துப் பழகியவர், எழுத்துக்கு மேலே பின்யின் இருக்கும் வரையில் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. 2010இல் அமைந்த ஆறுநிலை எச்.எஸ்.கே. தேர்வில் முதல் இரண்டு நிலைகளின் தாள்களில் பின்யினும் சேர்த்து அச்சிடப்பட்டது, மூன்றாம் நிலையிலிருந்து அது கிடையாது. பலர் அங்கே வந்து திகைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

வாசிப்பதையும் கையால் எழுதுவதையும் தனித்தனியே பிரித்துவிடுங்கள் என்பதே என் யோசனை. அயல்மொழியாகச் சீனம் கற்பவர்களுக்காகச் சீன அரசு 2021இல் வெளியிட்ட தரநிலையே அவ்வாறுதான் பிரிக்கிறது: அடையாளம் காண வேண்டியவை 3,000 எழுத்துகள், கையால் எழுத வேண்டியவை 1,200 மட்டுமே. உங்கள் மாணவர்களின் நேரத்தை விழுங்குவது எழுதிப் பழகும் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு, சீன எழுத்துகளில் மிகப் பெரும்பான்மையானவை ஒரு பாதியால் பொருளையும் மறுபாதியால் ஒலியையும் சுட்டுபவை. குதிரைக்கு உரிய எழுத்து 'மா'. அதன் அருகே பெண்ணைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் தாயைக் குறிக்கும் 'மா', வாயைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் கேள்வியின் இறுதியில் வரும் 'மா'. தொனிகள் வேறு, ஒலியின் உடல் ஒன்று. இந்த உறவு சொல்லைக் காதால் அறிந்தவருக்கே விளங்கும். மற்றவருக்கு அந்த ஒலிப்பாதி வெறும் கோடுகளாகவே தெரியும். அதனால் ஒலி முதலில் வரட்டும், ஆனால் காதில் ஏறிய சொல்லின் உருவத்தை இரண்டொரு வாரங்களுக்கு மேல் மறைத்து வைக்காதீர்கள்.

மறுமொழி 3

நான் ஆசிரியரல்லன், ஐந்தாண்டுகளாகக் கற்பவன். எனக்கு முதலில் பாடம் நடத்தியவர் நான்கு தொனிகளையும் தனித்தனி அசைகளாக வரைபடத்தில் காட்டினார். மூன்றாம் தொனி தாழ்ந்து பின் எழும் என்று மனப்பாடம் செய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லிலும் அதை வலிந்து எழுப்பிக்கொண்டிருந்தேன். தொடர்ந்த பேச்சில் அது பெரும்பாலும் தாழ்ந்தே நின்றுவிடும் என்பதும், இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் 'நீ ஹாவ்' என்பதில் போல முன்னது இரண்டாம் தொனியாக மாறும் என்பதும் வெகுகாலம் கழித்தே புரிந்தன. இரண்டாவதாக அமைந்த ஆசிரியை தொனிகளை எப்போதும் இணை இணையாகவே சொல்லவைத்தார். நான்கு தொனிகளுக்குப் பின்னே அந்த நான்கும் தொனியற்ற அசையும் வந்தால் இருபது இணைகள். நாள்தோறும் பத்து நிமிடம் அவற்றைச் சொன்ன பிறகே நான் பேசுவது பிறருக்குப் புரியத் தொடங்கியது.

இலக்கணத்திலும் தமிழ் உதவும். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்ற தொடரைச் சீனத்தில் ஏறக்குறைய இதே வரிசையில் சொல்கிறார்கள். 'வருவாயா' என்பதன் ஆகாரத்தைப் போல அவர்களும் கேள்விக்கு இறுதியில் 'மா' சேர்க்கிறார்கள். வினைச்சொல் செயப்படுபொருளுக்கு முன்னால் வருவதை மட்டும் தனியே பழக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரம் என்ற எண்ணத்தைக் கைவிடுகிறேன். முதல் இரண்டு வாரங்கள் தாள் பயிற்சியும் தொனி இணைகளும் எளிய உரையாடலும் மட்டும் இருக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து, அதற்குள் வாயில் பழகிவிட்ட சொற்களுக்கு மட்டும், குதிரையின் குடும்பத்தில் தொடங்கி, எழுத்துகளை வாசிக்கக் காட்டப்போகிறேன். கையால் எழுதுவது வாரத்துக்கு ஐந்து எழுத்துகளுக்கு மேல் போகாது. தேர்வுக்காகச் சேர்பவர்களிடம் இந்த வரிசையையும் அதன் காரணத்தையும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன்.