சூடாக்கி வைக்கப்பட்டிருந்த என்ஜின்

பழைய கார், அதிலும் சின்ன உடலும் பெரிய வேகமும் கொண்ட கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இந்த மாடல் நம்பகமானதா?" என்பதைத்தான். நானும் அதையே பத்துப் பேரிடம் கேட்டேன். நல்ல பெயர் இருந்தது, துணிந்து வாங்கினேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவட்டும்.

மூன்று கதவு, கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ கொண்ட பெட்ரோல் என்ஜின், கையால் போடும் ஆறு கியர். எனக்கு முன்னால் இரண்டு பேரிடம் இருந்த வண்டி. மாலையில் பார்க்கப் போனபோது விற்பவர் அதை வாசலில் ஓடவிட்டே நிறுத்தியிருந்தார். "இப்போதுதான் கழுவிக்கொண்டு வந்தேன்" என்றார். பெயிண்ட் மினுமினுத்தது. ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு, இம்மி பிசகாமல் வளைவில் திரும்பியது. இரண்டாவது கியரில் மிதித்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில்தான், இரவெல்லாம் நின்று குளிர்ந்திருந்த என்ஜினை முதன்முறையாக இயக்கினேன். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். மூன்றே வினாடி. பிறகு எதுவுமே நடக்காதது போல அமைதியாக ஓடியது. பகல் முழுக்கச் சத்தமே இல்லை. மறுநாள் காலையில் மறுபடியும் அதே சத்தம். பத்து நாளில் மூன்று வினாடி ஐந்து வினாடியானது.

மெக்கானிக் ஒரே ஒருமுறை கேட்டார். "டைமிங் செயின்" என்றார். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் செயின் அது. அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பல என்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. இரவில் ஆயில் கீழே வடிந்துவிடும். காலையில் அழுத்தம் ஏறும்வரை, நீண்டுபோன செயின் தளர்ந்து அடித்துக்கொள்ளும். அழுத்தம் வந்ததும் சத்தம் அடங்கிவிடும். அதனால், ஏற்கெனவே சூடாகியிருக்கும் வண்டியில் இந்தக் குறை பெரும்பாலும் காதில் விழாது. செயின் சில பற்கள் தாண்டிவிட்டால் வால்வு திறக்கும் நேரமே மாறிவிடும். என்னுடையது போன்ற என்ஜினில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கலாம். அப்புறம் பெரிய பழுதுதான், சில சமயம் வேறு என்ஜினே போட வேண்டிவரும்.

அவர் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். நுனியில் மட்டும் கறுப்பாக ஈரம் இருந்தது. அடியிலுள்ள ஆயில் தொட்டியைக் கழற்றி, அதன் வண்டலை ஒரு பழைய செய்தித்தாளில் வழித்து வைத்தார். அதில் விரல் நகம் அளவுக்குப் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சில்லுகள் கிடந்தன. செயின் உரசி ஓடும் வழிகாட்டிப் பட்டைகள் உடைந்து விழுந்தவை அவை. நான் அவற்றை எண்ணினேன். ஏழு இருந்தன.

சர்வீஸ் புத்தகத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். முத்திரைகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு முத்திரைக்கும் அடுத்ததற்கும் இடையே 28,000 கிலோமீட்டர். இத்தனை சூட்டில் வேலை செய்யும் ஒரு சின்ன என்ஜினுக்கு ஆயில் மாற்ற அது மிக நீண்ட தூரம். செயின், டென்ஷனர், பட்டைகள், கூலி எல்லாம் சேர்த்து, வண்டி வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இதற்காக அந்த மாடலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னோடு வேலை செய்பவரிடம் அதே என்ஜின் கொண்ட வண்டி இருக்கிறது. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறார். 1,60,000 கிலோமீட்டர் ஓடியும் காலையில் முனகல்கூடக் கிடையாது.

அடுத்த வண்டியை வாங்கும்போது, முந்தைய இரவே போனில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: நான் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். போனதும் முதலில் பானட்டின் மேல் கையை வைத்தேன். ஒரு வீட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. நன்றி சொல்லித் திரும்பிவிட்டேன். இன்னொரு வீட்டில் கையை வைத்தால் சில்லென்று இருந்தது. அந்த அம்மா ஒரு கோப்பு நிறைய பில்களை எடுத்து வைத்தார்; எந்தத் தர ஆயில் ஊற்றினார்கள் என்பதுவரை அதில் இருந்தது. சாவியை நான் வாங்கிக்கொள்ளாமல் முதலில் அவரையே ஓட்டச் சொன்னேன். என்ஜின் சூடாகும்வரை அவர் மெதுவாகவே போனார். திரும்பி வந்ததும் உடனே அணைக்காமல், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டார். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழல்வது. அதன் பேரிங்கைக் காப்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். மிதித்து ஓட்டிய கையோடு அணைத்தால், அங்கே தேங்கும் ஆயில் வெந்து கரியாகிவிடும். இதையெல்லாம் அவர் விளக்கவில்லை, பழக்கமாகவே செய்தார். அந்த வண்டிதான் நான்கு வருடமாக என்னிடம் ஓடுகிறது.

* * *

மேலே எழுதியவர் சொன்னது என் விஷயத்திலும் உண்மை, ஆனால் என்னைத் தொல்லைப்படுத்தியது வேறு. சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கும். தீப்பொறி தரும் பிளக்கை மாற்றினேன், அதற்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினேன், தீரவில்லை. கடைசியில் ஒருவர் சிறிய கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார். காற்று உள்ளே போகும் வால்வுகளின் தண்டில், அடுப்பங்கரைச் சுவர்போலக் கரி அப்பியிருந்தது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின் அது. பழைய முறையில் பெட்ரோல் வால்வின் மேல் பட்டு அதைக் கழுவிக்கொண்டே போகும். இதில் அந்தக் கழுவல் இல்லை. ஆயில் ஆவி மட்டும் வந்து படிகிறது. அக்ரூட் ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். ஓட்டுத் தூள் கரியைச் சுரண்டும், உலோகத்தைக் கீறாது. அன்றிலிருந்து நடுக்கம் இல்லை. இந்த வகை என்ஜினைப் பார்க்கப் போகிறவர்கள், அந்தச் சுத்தம் எப்போதாவது நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். நடந்திருந்தால் அது குறையல்ல, கவனித்து வைத்திருந்தார்கள் என்பதற்கு அடையாளம்.

* * *

என் தம்பிக்காக நான் ஒரு வண்டி பார்க்கப் போனேன். அவனுக்கு அந்த நிறமும் சைலன்சர் சத்தமும் ரொம்பப் பிடித்துவிட்டன. "அக்கா, இதையே எடுத்துவிடலாம்" என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைத் துளையில் செருகும் சிறு கருவி ஒன்று என்னிடம் உண்டு. செருகினேன். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. தம்பி சிரித்தான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வண்டியின் கணினி புகை வடிகட்டி, ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றைத் தானே சோதித்து, ஒவ்வொன்றுக்கும் "முடிந்தது" என்று பதிந்துகொள்ளும். குறியீடுகளை யாராவது அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து அழியும். பல நாள் ஓட்டிய பிறகுதான் அந்தச் சோதனைகள் மறுபடியும் நிறைவடையும். அந்த வண்டியில் ஏறக்குறைய எல்லாமே முடியாமல் கிடந்தன. விற்பவரிடம் கேட்டேன். பேட்டரி மாற்றியதாகச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம், பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இப்படி ஆகும். அதனால் சண்டை போடவில்லை. "வழக்கம்போல ஓட்டுங்கள், நான்கு நாள் கழித்து வருகிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். வீடு வரும்வரை தம்பி என்னிடம் பேசவில்லை.

நான்காம் நாள் என்ஜின் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று குறியீடு. கூட வந்த மெக்கானிக் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தார். மற்ற மூன்றையும்விட அந்த ஒன்று மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காட்டியது. முன்பிருந்தவர் வேகத்துக்காகக் கணினியின் மென்பொருளை மாற்றியிருந்தார் என்பது பிறகுதான் பேச்சில் வெளியே வந்தது.

1961இல் வந்த முதல் மினி கூப்பர் காரின் 997 சி.சி. என்ஜின் கொடுத்தது 55 குதிரைத்திறன். 1976இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. கார், 1.6 லிட்டரில் 110 கொடுத்தது. அதே 1.6 லிட்டரில் 200 கொடுக்கும் என்ஜின்கள் இப்போது சாதாரணம். கம்பெனியே அவ்வளவு பிழிந்து எடுத்த பிறகு, அதற்கு மேலும் பிழிந்தால் பிஸ்டன்தான் அடி வாங்கும். மென்பொருள் மாற்றிய வண்டிகள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று கையில் தாளோடு காட்டுபவர்களும் உண்டு. கேட்ட பிறகும் மறைப்பவரிடம் வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி இப்போது டர்போ இல்லாத, யாரும் கைவைக்காத ஒரு வண்டியைத் தேடிப் பிடித்திருக்கிறான். பிக்கப் கொஞ்சம் குறைவுதான், ஆனால் வளைவில் அருமையாகப் போகும் ரகம். ஞாயிறு காலை ஆறரைக்குப் பார்க்கப் போகிறோம். முதல் பதிவைப் படித்துவிட்டு அவனே போன் போட்டுச் சொல்லிவிட்டான்: "சார், நாங்கள் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்."