சாலையோரக் கீற்றில் தெருவாசிகள் சேர்ந்து தோட்டம்: மண் எவ்வளவு, என்ன செடி?

தெருக்கோடி:
சென்னையில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே 60 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு கீற்று சும்மா கிடக்கிறது. மேலே மின்கம்பி. தோண்டினால் கட்டட இடிபாடு. பத்து வீட்டார் தயார். மண் எவ்வளவு வாங்குவது? மரம் வைக்கலாமா, கீரை போடலாமா?

மண்வெட்டி:
மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கடப்பாரை போடாதீர்கள்.

ஓரடி ஆழம் எடுத்தால் 180 கன அடி இடிபாடு வெளியே போகும். அவ்வளவையும் திரும்ப நிரப்பக் கூடாது. மண் சாலை மட்டத்துக்கு 3 அங்குலம் கீழேயே நிற்கட்டும். மேடாகக் குவித்தால் முதல் பெருமழையில் வடிகாலுக்குள் கரைந்துபோய் அடைக்கும், பிறகு செடிக்குத்தான் கெட்ட பெயர். ஆக 135 கன அடி போதும்: செம்மண் ஒரு யூனிட் (100 கன அடி), நன்றாக மட்கிய தொழுவுரம் அரை யூனிட் சொல்லுங்கள். கொட்டிய மண் அமுங்கும், அதனால்தான் கொஞ்சம் கூடுதல். மட்காத சாணம் வேண்டாம், சூட்டில் வேர் கருகும்.

புங்கநிழல்:
கம்பிக்கு அடியில் மரம் வேண்டாம். வருடாவருடம் மொட்டையடிப்பார்கள். 3 அடிக் கீற்றில் வேரும் ஒழுங்காக ஊன்றாது. 2016 வர்தா புயலில் பெருங்கொன்றையும் செம்மயிற்கொன்றையும் சாய்ந்ததைச் சென்னை பார்த்ததுதானே.

அரளி, நந்தியாவட்டை இரண்டும் 3 அடிக்கு ஒன்றாக, மொத்தம் 20 செடி. பால் வடிவதால் ஆடுமாடு வாய் வைக்காது. அரளி நஞ்சு என்பதைக் குழந்தைகள் உள்ள வீடுகளில் சொல்லிவையுங்கள். இட்லிப்பூவை எல்லோரும் கேட்பார்கள். ஆனால் அது வேண்டாம், சிமென்ட் கலந்த மண்ணில் சுண்ணாம்பு ஏறி, இரும்புச்சத்து கிடைக்காமல் இலை வெளுத்துவிடும். தெருமுனையில் 2 அடிக்கு மேல் வளரவிடாதீர்கள், திரும்பும் வண்டி தெரியாது. நடும்போது பையைக் கிழித்து, சுருண்ட வேரை வெட்டிவிட்டு வையுங்கள்.

கீரை கூடாது. புகைத்தூசி, நாய்மூத்திரம். சாப்பிடுகிற பொருளுக்கு இடம் அதுவல்ல.

மண்வெட்டி:
இலை வெளுக்கிறது சரி, ஆனால் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தின் கழிவுநீர் ஊற்றினால் அரளிகூடத் திணறும், உப்பு தேங்கும். செடிக்கு 5 லிட்டர் வீதம் ஒரு தடவைக்கு 100 லிட்டர். வாரம் இரண்டு முறை, ஏப்ரல், மே மாதங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். நடுவதற்குப் பத்து வீடும் வரும். மே மாதத்தில் எந்த வீடு எந்தக் கிழமை என்று இப்போதே எழுதிவிடுங்கள்.