மறு: திசைவிக் கையேடு: ஒரே ‘பொது முகவரித் தொகுதி’, இரண்டு பொருள்

அனைவருக்கும் வணக்கம்.

சொந்தமாக வழங்கி (சர்வர்) வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு நாம் தமிழில் எழுதும் திசைவிக் (ரவுட்டர்) கையேட்டில் ஒரு முடிச்சு. இணையச் சேவையாளர் /29 தொகுதி, அதாவது எட்டு பொது முகவரிகள் தருகிறார். தரும் விதம் இரண்டு.

ஒன்று: 203.0.113.8/29 தொகுதியில் .9 சேவையாளரின் நுழைவாயில். .8 வலையின் முகவரி, .15 பரப்புமுகவரி (வலையில் உள்ள எல்லோருக்கும் ஒருசேர அனுப்புவதற்கானது). மீதி .10 முதல் .14 வரை ஐந்து. திசைவி தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் வழங்கிகளுக்கு நான்கு.

இரண்டு: இணைப்புக்கென்று தனியாக 198.51.100.0/30. அதில் .1 அவர்களுடையது, .2 நம் திசைவி. ‘203.0.113.8/29-க்கு வரும் எல்லாவற்றையும் 198.51.100.2-க்குத் தள்ளு’ என்று சேவையாளர் தன் பக்கம் தடம் (எது எந்த வழி போக வேண்டும் என்ற விதி) எழுதிவிடுவார். திசைவியின் உட்பக்கம் .9 வைத்தால் வழங்கிகளுக்கு ஐந்து கிடைக்கும்.

வரைவில் இரண்டுக்கும் ‘பொது முகவரித் தொகுதி’ என்றே இருக்கிறது. தனித்தனிச் சொல் வேண்டும். எனக்குத் தோன்றியவை: ‘திசைவித்த தொகுதி’, ‘திசைவிக்காத தொகுதி’.

(முகவரிகள் எடுத்துக்காட்டுக்கென ஆர்எஃப்சி 5737 என்ற இணைய ஆவணம் ஒதுக்கியவை. யாரும் அப்படியே பதிய வேண்டாம்.)

-----

> ‘திசைவித்த தொகுதி’, ‘திசைவிக்காத தொகுதி’

ஐயா, இது வேண்டாம். ‘திசைவிக்காத’ என்றால் இணையத்திலிருந்து எட்டவே முடியாத முகவரி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இரண்டு வகையும் இணையத்திலிருந்து எட்டக்கூடியவைதான். வேறுபாடு கடைசி ஒரு தாவலில் இருக்கிறது: பொதியை (வலையில் போகும் தரவுத் துண்டை) நம் திசைவியிடம் சேவையாளர் கேட்காமலே கொடுத்துவிடுகிறாரா, அல்லது ‘.12 யாரிடம் இருக்கிறது?’ என்று கம்பியில் கூவிக் கேட்டு, பதில் சொல்பவரிடம் கொடுக்கிறாரா? சொல் இதைக் காட்டினால் போதும்.

முன்னதற்கு ஒப்படைத் தொகுதி, பின்னதற்கு அண்டைத் தொகுதி என்று முன்மொழிகிறேன். ஐபி ஆறாம் பதிப்பில் இதே கூவலை ‘அண்டை கண்டறிதல்’ என்றுதான் எழுதுகிறோம். அதோடும் ஒட்டும்.

எது வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லுக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். திசைவியின் வெளி இடைமுகத்தில் (சேவையாளர் பக்கத்து இணைப்பு முனையில்) டிசிபிடம்ப் (வந்துபோகும் பொதிகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, கைபேசித் தரவு வழியாக, இன்னும் யாருக்கும் கொடுக்காத .12-க்கு பிங் (சோதனைப் பொதி) அனுப்ப வேண்டும். பிங் பொதியே வந்து விழுந்தால் ஒப்படை. ‘.12 யாரிடம்?’ என்ற ஏஆர்பி கேள்வி (மேலே சொன்ன கூவல்) மட்டும் வந்தால் அண்டை. சேவையாளரின் உதவி மையத்தைக் கேட்பதைவிட இது விரைவு.

மாற்றிப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதும் வேண்டும். அண்டைத் தொகுதியை ஒப்படை என்று எண்ணி உள் இடைமுகத்தில் வைத்தால், வழங்கியிலிருந்து பொதி வெளியே போகும், மறுமொழி வராது. சேவையாளர் கேட்கிறார், வெளிப்பக்கம் யாரும் வாய் திறப்பதில்லை. பலர் தீயரணைத்தான் சந்தேகித்து விதிகளைக் கலைத்துப் போடுவார்கள்.

ஒப்படையில் வரும் சிக்கல் வேறு. ஒரே ஒரு வழங்கிக்கு .10 என்று /32 தடம் (ஒற்றை முகவரிக்கான தடம்) மட்டும் எழுதி மற்றவற்றை விட்டுவிட்டால், .13-க்கு வரும் பொதியை நம் திசைவி தன் இயல்புத் தடத்தில் (வேறு தடம் இல்லாதவை போகும் வழியில்) திரும்பச் சேவையாளருக்கே அனுப்பும். அவர் மறுபடி நமக்கு அனுப்புவார். பொதியின் ஆயுள் எண் (எத்தனை தாவல் போகலாம் என்ற வரம்பு) தீரும்வரை பந்தாட்டம். முழு /29-க்கும் ஒரு குப்பைத்தடம் (வரும் பொதியை எறிந்துவிடும் தடம்) எழுதிவைத்தால் அடங்கும். /32 தடம் அதைவிடக் குறிப்பானது என்பதால் .10-க்குப் பாதிப்பில்லை.

அண்டைத் தொகுதிக்குத் தீர்வு இரண்டு. முகவரிகளைத் திசைவியின் வெளி இடைமுகத்திலேயே கூடுதலாகச் சேர்த்து, ஒன்றுக்கொன்றாக உள்முகவரிக்கு மாற்றுவது எளிது. வழங்கியிலேயே பொது முகவரி இருந்தாக வேண்டுமென்றால், அதன் சார்பில் திசைவி ஏஆர்பிக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கு பதிற்குரல் எப்படி? ‘பதில்’ என்பதில் மறுமொழியும் இருக்கிறது, இன்னொருவருக்கு ஈடாக என்பதும் இருக்கிறது.

-----

> பதிற்குரல்

‘பதில்’ அரபியிலிருந்து வந்த சொல் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். எனக்கு அது தடையில்லை. ஆனால் ‘பதிற்-’ என்று புணர்ந்தபின் பேச்சில் யாரும் சொல்லப்போவதில்லை. சார்குரல் என்று வைக்கலாம். ‘சார்பில்’ என்பது எல்லோருக்கும் தெரியும், ‘சார்குரலை இயக்கு’ என்று பட்டனிலும் அடங்கும்.

லினக்ஸ் திசைவியில் அதை இயக்குவதோடு வேலை முடியாது. கேட்கப்பட்ட முகவரிக்கான தடம் வேறொரு இடைமுகத்தில் போனால்தான் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) சார்குரல் கொடுக்கும். வெளிப்பக்கம் /29 பதிந்திருப்பதால் .12-உம் அங்கேயே இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வழங்கிக்கும் உட்பக்கம் நோக்கி /32 தடம் எழுதுங்கள். சார்குரலை உள் இடைமுகத்திலும் இயக்குங்கள், ஏனென்றால் வழங்கி .9-ஐத் தன் பக்கத்துக் கம்பியில்தான் தேடும்.

குரல் என்று ஒருமுறை பிடித்துக்கொண்டால் இன்னொன்றும் கிடைக்கிறது. யாரும் கேட்காமலே ‘.12 இனி என்னிடம்’ என்று திசைவி அறிவிப்பதற்கு வலியக்குரல். ‘கேளாக்குரல்’ அழகுதான், ஆனால் காதில் விழாத குரல் என்றும் பொருள்படும். பழைய திசைவியைக் கழற்றிப் புதியதை மாட்டும் நாளில் இது உதவும். சேவையாளர் பக்கத்துக் கருவி பழைய திசைவியின் மேக் முகவரியையே (வன்பொருள் முகவரி) நினைவில் வைத்திருக்கும். சிஸ்கோ திசைவிகளில் அந்த நினைவுக்கு இயல்பு ஆயுள் 4 மணி நேரம். புதிய திசைவி ஒவ்வொரு முகவரிக்கும் வலியக்குரல் கொடுக்காவிட்டால், ஒரு முகவரி வேலை செய்து மற்றவை செத்துக்கிடக்கும்.

-----

அண்டை, ஒப்படை, சார்குரல், வலியக்குரல் நான்கையும் ஏற்கிறேன். ‘குப்பைத்தடம்’ மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது, பாழ்த்தடம் என்று மாற்றிக்கொள்ளலாமா?

உள்ளிருக்கும் கணினி, தன் பக்கத்து வழங்கியையே பொது முகவரியால் அழைக்கும்போது பொதி திசைவிவரை போய்த் திரும்புமே, அதற்கு கொண்டையூசித் திருப்பம். கொல்லிமலை ஏறியவருக்கு விளக்கம் வேண்டாம். இரண்டும் ஒரே உள்வலையில் இருந்தால், வழங்கி திசைவியைத் தொடாமல் தன் உள்முகவரியிலிருந்தே நேராக மறுமொழி அனுப்பும். தான் அழைக்காத முகவரியிலிருந்து வந்ததால் கணினி அதை எறிந்துவிடும். அனுப்புநர் முகவரியையும் திசைவியே மாற்ற வேண்டும், அல்லது உள்ளே இருப்பவர்களுக்குப் பெயர்வழங்கி (டிஎன்எஸ்) உள்முகவரியைச் சொல்ல வேண்டும். வழங்கிகளைத் தனி உள்வலையில் வைப்பதே நல்லது என்பேன்.

‘ஒன்றுக்கொன்று மாற்றம்’ என்ற பதிவில் இரண்டு வரி சேருங்கள். அது தீயரண் அல்ல, வரும் துறைகளை (போர்ட்) விதி எழுதி அடைக்காவிட்டால் வழங்கியின் எல்லாத் துறையும் திறந்தே இருக்கும். அஞ்சல் வழங்கிக்குத் துறை 25-ஐ மட்டும் உள்ளே திருப்பிவிட்டால் போதாது. அது அனுப்பும் அஞ்சல் திசைவியின் சொந்த முகவரியில் வெளியே போகும், தலைகீழ்ப் பெயர் (முகவரியிலிருந்து தேடிக் கிடைக்கும் பெயர்) பொருந்தாது, பெறுபவர் குப்பையில் போடுவார். வெளியே போவதும் அதே பொது முகவரியில் போக வேண்டும்.

தலைகீழ்ப் பெயரை /29-க்கு நம் பெயர்வழங்கியிடம் ஒப்படைக்கும் முறை ஆர்எஃப்சி 2317-இல் இருக்கிறது. அதற்கும் ‘ஒப்படை’ என்றே சொன்னால் குழம்புமா?