ரைட்டரில் ஒவ்வொரு குறிப்பையும் புதுப் பக்கத்தில் தொடங்குவது எப்படி?

கேள்வி:
அம்மாவின் சமையல் குறிப்புகளை லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் தட்டச்சு செய்கிறேன், 32 ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் வர, என்டரை அழுத்தி அழுத்தித் தள்ளினேன். நேற்று வத்தக்குழம்பில் ‘சுண்டைக்காயைத் தனியாக வறுக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்ததும், பின்னால் உள்ள தலைப்பெல்லாம் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம் அக்கா. கன்ட்ரோல் + எஃப்10 அழுத்துங்கள். நீங்கள் தட்டிய ஒவ்வொரு என்டரும், பி எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல் ஒரு குறியாகத் தெரியும். வெற்று வரிகளை அழித்துவிட்டு, தலைப்புக்கு முன்னால் கர்சரை வைத்து கன்ட்ரோல் + என்டர். அப்புறம் மேலே எத்தனை வரி சேர்த்தாலும் தலைப்பு பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும்.

பதில் 2:
அதோடு, குறிப்பின் பெயரில் கர்சரை வைத்து கன்ட்ரோல் + 1 தட்டுங்கள். அது ‘ஹெடிங் 1’ ஆகிவிடும். பிறகு பொருளடக்கத்தைப் பக்க எண்ணோடு ரைட்டரே போட்டுத் தரும். எழுத்தைக் கையால் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது கிடைக்காது.

கேட்டவர்:
அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன், மிக்க நன்றி! பொருளடக்கத்தைப் பார்த்த அம்மா, ரசத்தை முதலில் போடச் சொல்கிறார்.